காட்டும் திரை, கேட்கும் திரை: உயர்நிலைப் பள்ளிக் கணிதமும் தொழில்நுட்பமும்



நாற்பது நிமிடப் பாடவேளைக்குப் பழகிய அவை இது. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணித வகுப்புக்குள் நாம் கொண்டுவந்து சேர்த்த கருவிகளில் பெரும்பாலானவை காட்டும் கருவிகள். பிள்ளைகள் கணிதம் கற்பதற்கோ கேட்கும் கருவிகள் வேண்டும். அவர்களிடம் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, அந்தப் பதிலைப் பொறுத்து அடுத்த அடி எடுத்து வைக்கிற கருவிகள். வாங்கும்போது இந்த வேறுபாட்டை நாம் பார்ப்பதில்லை. எத்தனை அங்குலத் திரை, எத்தனை ஜிபி நினைவகம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பார்க்கிறோம்.

நம்மிடம் கருவி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. 1984-இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, தேர்ந்தெடுத்த பள்ளிகளில் பிபிசி மைக்ரோ கணினிகளை வைத்தது. கணினிக்கு உறை தைத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் நுழைந்த காலம் அது. 2011-இல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு (கியூஆர் கோடு) அச்சாகி வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி. அதையொட்டி ஹைடெக் லேப், பிறகு ஸ்மார்ட் போர்டு. கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் குறியீட்டில் கைப்பேசியைக் காட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு காணொலி திறக்கும். அதில் ஓர் ஆசிரியர் கணக்கைப் போட்டு முடிப்பார். கரும்பலகை கண்ணாடிக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். கூடுதல் வசதி என்று சொன்னால், அவரை நிறுத்திவைத்து மறுபடி ஓடவிடலாம். கொரோனா ஊரடங்கு மாதங்களில் கரும்பலகையும் இல்லாமல் தவித்த பிள்ளைகளுக்கு இந்தக் காணொலி பெரிய உதவி. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும், கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தனக்குப் புரிந்துவிட்டது என்று தோன்றும். நோட்டைத் திறந்து தானே போட உட்காரும்போதுதான் இரண்டாவது வரியில் பேனா நிற்கும். இந்த ‘பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை’ என்ற புகாரைக் கேட்காத கணித ஆசிரியர் இந்த அவையில் ஒருவரும் இருக்க முடியாது.

உலக அளவிலும் கதை இப்படித்தான். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு, பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசா தேர்வின் தரவுகளை வைத்து 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக் கணினிகளுக்குப் பெருமளவு செலவிட்ட நாடுகளில் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்றது அது. கணினியே வீண் என்று இதை வைத்து முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. என்ன செய்யும் கணினி என்று கேட்காமல் எத்தனை கணினி என்று எண்ணினால் இப்படித்தான் விடை வரும்.

சரி, கேட்கும் கருவி என்றால் எப்படி இருக்கும்? ஒன்பதாம் வகுப்புக்குப் போவோம். முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம். வழக்கமாக என்ன செய்கிறோம்? மூன்று பக்க அளவுகளைத் தருகிறோம். கவராயத்தை எடுத்து, இரண்டு பக்கங்களுக்கு மையக்குத்துக்கோடு வரைந்து, அவை வெட்டும் புள்ளியில் கவராயத்தை ஊன்றி வட்டம் போட வேண்டும். நாற்பது பிள்ளைகளும் ஒரே முக்கோணத்தைத்தான் வரைகிறார்கள். அது பெரும்பாலும் குறுங்கோண முக்கோணம். மையம் சமர்த்தாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்டு முழுவதும் இப்படி நாலைந்து முக்கோணம் வரைந்த பிள்ளையிடம் மையம் எங்கே இருக்கும் என்று கேட்டால், “உள்ளே” என்று தயங்காமல் சொல்லும். நாம் சொல்லிக்கொடுத்த பிழை அது.

அதையே ஜியோஜீப்ராவில் செய்து பாருங்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் மாணவராக இருந்தபோது, 2001 வாக்கில் தம் ஆய்வேட்டுக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. நம் கணிதப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் வரும் பக்கங்கள் பல அதற்குத்தான் அழைத்துச் செல்கின்றன. (2021-இல் பைஜூஸ் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது, 2024-இல் பைஜூஸே திவால் வழக்கில் சிக்கியது. இலவசமாகக் கிடைப்பதன் முகவரியைப் பாடநூலில் அச்சிடுகிறவர்கள் இதையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.) அந்தச் செயல்பாட்டுப் பக்கம் வந்ததும் தேர்வுக்கு வராது என்று தாண்டிப் போகிற பழக்கம் நமக்கு உண்டு. இன்றைக்குத் தாண்ட வேண்டாம்.

திரையில் ஒரு முக்கோணம், அதன் சுற்றுவட்ட மையம், வட்டம். அடிப்பக்கம் அசையாது, மேல் உச்சியை மவுஸால் பிடித்து இழுக்கலாம். இங்கே ஆசிரியர் செய்ய வேண்டிய முதல் வேலை, மவுஸைத் தாம் தொடாமல் இருப்பது. இரண்டாவது வேலை, மாணவி மவுஸைத் தொடுவதற்கு முன் நிறுத்துவது. “கை வைக்காதே. உச்சியைக் கீழே இறக்கினால் மையம் எங்கே போகும்? முதலில் சொல்லு, அப்புறம் இழு.” வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். மையமும் மேலே ஏறும் என்பார்கள் சிலர். இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்பார்கள் சிலர். இழுத்தால் புள்ளி கீழே கீழே வந்து, அடிப்பக்கத்தைத் தொட்டு, அதைத் தாண்டி வெளியேறிவிடும். “சார், வெளிய போயிடுச்சு!” இந்தக் கூச்சல்தான் பாடம் தொடங்கும் இடம். எப்போது வெளியேறியது? அடிப்பக்கத்தைத் தொட்ட கணத்தில் மேல் கோணம் எவ்வளவு? கோணமானியைக் கேட்டால் 90 பாகை என்கிறது.

இன்னும் ஒரு படி போகலாம். மையம் அடிப்பக்கத்தை விட்டு நகராமல் உச்சியை மட்டும் நகர்த்த முடியுமா? தடம் பதியும் வசதியைப் போட்டுவிட்டு மாணவர்களை முயலச் சொல்லுங்கள். கை நடுங்கும், புள்ளி வழுக்கும், மறுபடி பிடிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரையில் ஓர் அரைவட்டம் எழும். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று நாம் கட்டம் கட்டி எழுதிப்போடும் தேற்றம், அவர்கள் விரல்பட்டு உருவாகிவிட்டது.

ஆனால் இது நிரூபணம் ஆகாது. திரை காட்டியது என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது என்று சொல்வதற்கு வகுப்பில் ஓர் ஆள் வேண்டும். நிரூபணம் இதோ: அடிப்பக்கத்தில் இருக்கும் மையத்திலிருந்து மூன்று உச்சிகளுக்கும் தூரம் சமம், ஆகவே அதை மேல் உச்சியோடு இணைத்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள், மேல் கோணம் அந்த இரண்டின் அடிக்கோணங்களால் ஆனது, மூன்று கோணங்களையும் கூட்டினால் அந்த மேல் கோணம் இரண்டு முறை வருகிறது, மொத்தம் 180, ஆகவே அது 90. நான்கு வரி. வெறும் பலகையில் எழுதினால் கொட்டாவி வருகிற இந்த நான்கு வரியை, புள்ளி வெளியே ஓடியதைப் பார்த்த பிள்ளை “ஏன் சார்?” என்று தானாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இதற்கு நாற்பது கணினி வேண்டாம். ஒரு புரொஜெக்டர், ஒரு மடிக்கணினி, கைமாறுகிற ஒரு மவுஸ் போதும். முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பணியாற்றிய கணித ஆசிரியர் பி.கே. ஸ்ரீனிவாசனைப் பற்றி மூத்தவர்கள் அறிவீர்கள். பின்னாளில் ராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் உருவாக்கி வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். கழிவுத்தாளையும் கைக்குக் கிடைத்த சாமானையும் வைத்து அவர் செய்ததும் இந்த வகைதான்: பிள்ளையின் கையில் பொருளைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்பது. மின்சாரம் பிறகு வந்தது.

கேட்கும் கருவியின் இன்னொரு வகை, பிள்ளை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது. 3.27, 3.5 இரண்டில் எது பெரியது? 27 பெரியது, 5 சிறியது, ஆகவே 3.27 என்பான் ஒரு மாணவன். அவனைக் கண்டுபிடிப்பது எளிது. பக்கத்தில் இருப்பவன் 3.5 என்று சரியாகச் சொல்வான். நாமும் ‘டிக்’ போட்டுவிட்டு நகர்வோம். அவனிடம் 4.8, 4.83 எது பெரியது என்று கேட்டுப் பாருங்கள். 4.8 என்பான். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது, ஆகவே புள்ளிக்குப் பின் நீளம் கூடினால் எண் குறையும் என்பது அவன் மனத்தில் உள்ள விதி. சரியான விடைக்குப் பின்னால் தவறான விதி ஒளிந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசியும் உடனிருந்தவர்களும் இந்தத் தசமப் பிழைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ‘ஸ்மார்ட் டெஸ்ட்’ என்ற சிறு இணையத் தேர்வுகளை உருவாக்கினார்கள். மாணவர் சில நிமிடத்தில் சில வினாக்களுக்கு விடை தருவார். விடைகளின் கோலத்தை வைத்து அவர் மனத்தில் எந்த விதி ஓடுகிறது என்பதைக் கருவி ஆசிரியரிடம் சொல்லும். மதிப்பெண்ணைச் சொல்வதைவிட இது ஆயிரம் மடங்கு பயனுள்ளது. நாற்பது பிள்ளைகளின் நோட்டைத் திருத்தும் ஆசிரியரால், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், ஒவ்வொரு ‘டிக்’குக்குப் பின்னாலும் இப்படித் துருவ முடியாது. இயந்திரம் உண்மையிலேயே நம்மை மிஞ்சுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டிலேயே இதற்கு வலுவான சான்று இருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் டெல்லியில் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேர். குலுக்கலில் தேர்வானவர்களுக்குப் பள்ளி நேரம் முடிந்தபின் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருள் மையத்தில் இலவச அனுமதி. ஒரு நாளைக்கு 90 நிமிடம்: பாதி நேரம் கணினி, பாதி நேரம் ஒரு துணை ஆசிரியருடன் சிறு குழுவில். தொடக்கத்திலேயே அவர்கள் கண்டது நம்மைத் தலைகுனிய வைப்பது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பு. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் பல்லுறுப்புக்கோவை நடத்திக்கொண்டிருக்கிறார். பெஞ்சில் இருப்பது நாலாம் ஐந்தாம் வகுப்புக் கணக்கில் நிற்கிற பிள்ளை. எவ்வளவு நல்ல காணொலியைப் போட்டாலும் அந்தப் பிள்ளைக்கு என்ன பயன்?

மைண்ட்ஸ்பார்க் அந்தப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து வினாவைத் தொடங்கியது. நாலரை மாதத்தில், குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிடக் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கம் முன்னேறியிருந்தார்கள். பத்தாம் வகுப்பில் நாமே நடத்தும் திட்ட விலக்கம்தான். கல்வி ஆய்வுகளில் இது பெரிய அளவு. ஆனால் அந்தக் கட்டுரையில் யாரும் அதிகம் பேசாத ஒரு முடிவும் இருக்கிறது. அதே பிள்ளைகள் தங்கள் பள்ளி நடத்திய வகுப்புத் தேர்வை எழுதியபோது, கணிதத்தில் அந்த முன்னேற்றம் சொல்லிக்கொள்ளும்படி தெரியவில்லை. நாலாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு ஏறிவிட்ட பிள்ளையை ஒன்பதாம் வகுப்பு வினாத்தாளால் அளந்தால் அது பூஜ்யமாகத்தான் தெரியும். அந்த வினாத்தாளுக்குத் திரும்ப வருகிறேன்.

அதற்கு முன் செயற்கை நுண்ணறிவு. இதைத் தவிர்த்துவிட்டு இந்தத் தலைப்பில் பேசினால் பின்வரிசையில் இருக்கும் பி.எட். மாணவர்கள் என்னை விட மாட்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்குப் பயிற்சியின்போது சாட்ஜிபிடி போன்ற ஒன்றை அப்படியே கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதையே கொஞ்சம் கட்டுப்படுத்தி, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைத்தார்கள். மூன்றாம் பிரிவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சியின்போது முதல் பிரிவு மூன்றாம் பிரிவைவிட 48 விழுக்காடு கூடுதலாகச் செய்தது. குறிப்பு பெற்ற பிரிவு 127 விழுக்காடு. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் பிரிவு, எதுவுமே இல்லாமல் படித்தவர்களைவிட 17 விழுக்காடு கீழே போய்விட்டது. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அப்படி விழவில்லை. ஆனால் புத்தகத்தோடு படித்தவர்களைத் தாண்டிவிடவும் இல்லை. ஒரே இயந்திரம், ஒரே பாடம். விடையைக் காட்டியபோது கெடுத்தது. கேள்வியைத் திருப்பிக் கேட்டபோது கெடுக்கவில்லை. விடுதியில் கணக்கைப் போட்டுக் கொடுக்கும் சீனியரை நமக்குத் தெரியும். அவர் இப்போது எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறார்.

கேட்கும் கருவிகளில் பிள்ளையே இயந்திரத்துக்குக் கட்டளையிடும் வகை ஒன்றும் உண்டு. 1967-இல் உருவான ‘லோகோ’ நிரல்மொழியின் தந்தையரில் ஒருவரான சீமோர் பாப்பர்ட் வாழ்நாள் முழுக்க இதற்காகவே வாதாடினார். அதன் வாரிசான ‘ஸ்கிராட்ச்’ நம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கடைசிப் பாடத்திலேயே இருக்கிறது. நாம் அதை என்ன செய்கிறோம்? ‘ஸ்கிராட்ச் என்றால் என்ன?’ என்று இரண்டு மதிப்பெண் வினாவாக்கி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். நீச்சல் பற்றிக் குறிப்பு வரைக என்பது போல.

ஸ்கிராட்சைக் கணித வகுப்புக்கு இழுத்து வாருங்கள். சிக்குக் கோலம் போடச் சொல்லுங்கள். நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, கம்பி உள்ளே எங்கும் திரும்பாமல் ஓரங்களில் மட்டும் மடங்கி வருகிற மிக எளிய கோலம். இரண்டு வரிசை, மூன்று புள்ளி என்றால் ஒரே கம்பியில் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று கம்பி. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. பத்துப் பன்னிரண்டு கோலத்தை நிரலால் வரைந்து அட்டவணை போட்ட பிள்ளை, கம்பிகளின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்களின் மீ.பொ.வ. என்று தானே கண்டுகொள்ளும். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இணையரும் கமலா கிருத்திவாசனும் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக்காட்டி ஐம்பது ஆண்டு ஆகிறது. வாசலில் இருக்கும் அந்த ஆராய்ச்சி இன்னும் நம் வகுப்பறைப் படியேறவில்லை.

இனி வினாத்தாள். இவ்வளவு சொன்ன பிறகும் ஆசிரியர்கள் எழுந்து, “ஐயா, பத்தாம் வகுப்பில் வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு, இந்தப் பதினாறை வைத்துத்தான் மெல்லக் கற்கும் பிள்ளையை முப்பத்தைந்துக்கு ஏற்றுகிறோம். நீங்கள் புள்ளியை இழுத்துக்கொண்டிருந்தால் எங்கள் தேர்ச்சி விழுக்காட்டுக்கு யார் பதில் சொல்வது?” என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஜனவரிக்குப் பிறகு நடப்பது எல்லாருக்கும் தெரியும். அட்டவணை போடு, புள்ளி குறி, இணை, விடை எழுது. வளைவரை கிடை அச்சை வெட்டும் இடம்தான் மூலம் என்று அறியாமலே எட்டுக்கு எட்டு வாங்கும் பிள்ளைகளை நாம் உருவாக்கியிருக்கிறோம். ஆசிரியர் மேல் குற்றமில்லை; வினாத்தாள் கேட்பதை அவர் கொடுக்கிறார். அமெரிக்காவில் எஸ்.ஏ.டி. தேர்வு கணினிக்கு மாறியபோது, ‘டெஸ்மாஸ்’ வரைபடக் கணிப்பானைத் தேர்வுத் திரைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அங்கே அதை எந்த ஆசிரியரும் தாண்டிப்போக மாட்டார்.

நமக்கு அவ்வளவு தூரம் இப்போது தேவையில்லை. தேர்வு காகிதத்திலேயே இருக்கட்டும். வரைபட வினாவை மட்டும் இப்படி மாற்றிப் பாருங்கள். எக்ஸ் வர்க்கம் கழித்தல் இரண்டு எக்ஸ் கழித்தல் மூன்று என்ற கோவைக்கு வளைவரை வரைக; மூலங்களைக் காண்க. இதுவரை பழைய வினா. விடை 3, கழித்தல் 1. பிறகு ஒரு வரி சேருங்கள்: இந்த வளைவரையை எத்தனை அலகு மேலே உயர்த்தினால் அது கிடை அச்சை ஒரே புள்ளியில் தொடும்? ஐந்து அலகு உயர்த்தினால் மூலங்கள் என்னவாகும்? காரணம் கூறுக. திரையில் வளைவரையை ஏற்றி இறக்கும் நழுவியை (ஸ்லைடரை) ஒருமுறை நகர்த்திப் பார்த்த பிள்ளை நான்கு என்று படத்தைப் பார்த்தே சொல்லும். ஐந்து என்றால் வளைவரை அச்சைத் தொடாமல் மேலேயே நிற்கும், மெய்யெண் மூலம் இல்லை என்றும் எழுதும். அட்டவணையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே நிற்கும். எட்டில் இரண்டு மதிப்பெண்ணை இதற்கு ஒதுக்கினால் போதும். மீதி ஆறு பழையபடி வரைவதற்கே இருக்கட்டும். யாருடைய தேர்ச்சி விழுக்காடும் அதனால் சரிந்துவிடாது. மாதிரி வினாத்தாளில் அந்த ஒரு வரி அச்சாகி வந்த வாரத்திலேயே ஹைடெக் லேப் சாவியைக் கேட்டுக் கணித ஆசிரியர் தலைமையாசிரியர் அறைக்குப் போவார்.